19 என்றால் பூஜ்யம், 20 என்றால் 50: முன்னாள் படைவீரருக்குச் சுகர் வந்தால்

நவம்பர் வந்தால் முன்னாள் படைவீரர்கள் வீட்டில் இரண்டு வேலை. பாதுகாப்புத் துறை ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் தளத்தில் உயிர்வாழ் சான்றிதழ் கொடுப்பது ஒன்று. அது சரியாக ஏறியதா என்று அடுத்த பென்ஷன் வரும்வரை கவலைப்படுவது இன்னொன்று. இந்த முறை வந்த கடிதங்களில் மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது. “கால் ஊனத்துக்கு 40 சதவீதம் போட்டுத் தந்தார்கள். போன மாதம் சுகர் இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். சான்றிதழோடு சேர்த்துப் பதிந்தால் பென்ஷன் கூடுமாமே?” என்கிறது ஒரு கடிதம். “பதியாவிட்டால் இசிஎச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) மருந்து நின்றுவிடுமா?” என்கிறது அடுத்தது. “பதிந்தால் மறுபடி மெடிக்கல் போர்டுக்குக் கூப்பிட்டு, இருப்பதையும் குறைத்துவிடுவார்களோ?” என்று அஞ்சுகிறது மற்றொன்று.

மூன்றுக்கும் ஒரே பதில்தான்: இல்லை. ஆள் உயிரோடு இருக்கிறாரா என்பதற்குத்தான் உயிர்வாழ் சான்றிதழ்; நோயைப் பற்றி அது எதையும் கேட்பதில்லை. கெடு தவறினால் பென்ஷன் நிற்கலாம், அதனால் அதை முதலில் முடித்துவிடுங்கள். சுகருக்கும் பென்ஷனுக்கும் உள்ள தொடர்பு வேறு காகிதத்தில், வேறு ஆட்களின் கையெழுத்தில் இருக்கிறது.

எந்தச் சுகருக்குப் பணம்?

பணியில் இருந்தபோதே கண்டுபிடிக்கப்பட்டு, ஓய்வுபெறும்போது ரிலீஸ் மெடிக்கல் போர்டின் அறிக்கையில் ஏறிய சுகருக்கு. வீட்டுக்கு வந்து பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்துத் தெரியவரும் சுகருக்குச் சிகிச்சை கிடைக்கும். பென்ஷன் கூடுவது அரிது. நோய்க்கான வித்து பணியிலேயே விழுந்தது என்று மருத்துவ ரீதியாக நிறுவ விதிகளில் இடம் இருக்கிறது. ஆனால் டைப் 2 சுகரில் அதை நிறுவுவது மிகக் கடினம்.

போர்டு அறிக்கையில் ஏறினால் மட்டும் போதாது. இரண்டு கேள்விகளைத் தாண்ட வேண்டும். நோய் பணியால் வந்ததா, அல்லது பணியால் மோசமானதா என்பது முதல் கேள்வி. எத்தனை சதவீதம் என்பது இரண்டாவது. எளிமையாகத் தோன்றும் இந்த இரண்டாவது கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது.

அந்த 20 சதவீதக் கோடு

ஊன ஓய்வூதியத்தில் ஊனத்துக்கென்று தனியாகத் தரப்படும் பகுதியின் கணக்கு இது: ஊனம் 100 சதவீதம் என்றால் கடைசியாக வாங்கிய ஊதியத்தில் 30 சதவீதம், அதற்குக் கீழே விகிதப்படி. கடைசி ஊதியம் 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 சதவீத ஊனத்துக்கு 15,000 ரூபாய். அப்படியானால் 20 சதவீதத்துக்கு 3,000 ரூபாய்தானே வர வேண்டும்? வருவது 7,500.

காரணம் 2001 ஜனவரி 31 தேதியிட்ட பாதுகாப்பு அமைச்சகக் கடிதம். ஊனத்தை ஒன்றிரண்டு சதவீதம் முன்பின் அளப்பதில் டாக்டருக்கு டாக்டர் வேறுபாடு வரும் என்பதால், படிகளாக வைத்தார்கள். 50-க்குக் கீழே இருந்தால் 50. 50 முதல் 75 வரை இருந்தால் 75. 76 முதல் 100 வரை இருந்தால் 100. உடல்நிலை காரணமாக வெளியே அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் இருந்த இந்தச் சலுகை, முழுக்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவர்களுக்கும் உண்டு என்று ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 40 சதவீதம் என்று எழுதிய வாசகர் ஏற்கெனவே 50-க்கான தொகையை வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். வராவிட்டால் அவர் கவலைப்பட வேண்டியது சுகரைப் பற்றி அல்ல, இதைப் பற்றி.

மனிதர் அளப்பதில் பிழை வரும் என்று ஒப்புக்கொண்டு, அந்தப் பிழையை நோயாளிக்குச் சாதகமாக முடித்துவைக்கும் அரசு விதி அபூர்வம். ஆனால் அந்த நல்ல மனது 20-லிருந்துதான். முழுக்காலம் முடித்து ஓய்வுபெறுபவருக்கு ஊனம் 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் ஒன்றும் கிடையாது. கீழே உள்ளதைப் படியேற்றவும் முடியாது என்று விங் கமாண்டர் எஸ்.பி. ரத்தோர் வழக்கில் 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது. எனவே அதே 50,000 ரூபாய்க்காரருக்கு போர்டு 19 என்று எழுதினால் கையில் பூஜ்யம். 20 என்று எழுதினால் மாதம் 7,500, ஆயுள் முழுக்க.

சிக்கலின்றி மாத்திரையில் அடங்கும் சுகருக்கு போர்டுகள் கொடுத்துவந்த மதிப்பு இந்தக் கோட்டை ஒட்டியே இருந்தது. ஒன்றிரண்டு சதவீதத்தை யாராலும் துல்லியமாக அளக்க முடியாது என்று சொல்லும் அதே விதி, ஒரே ஒரு சதவீதத்தில் ஒருவரின் ஆயுள் வருமானத்தைத் தொங்கவிடுகிறது. அந்த எண்ணை எழுதும் டாக்டர்களோ பணம் தரவேண்டிய தரப்பின் ஊழியர்கள்.

“பீஸ் ஸ்டேஷனில் வந்தது” என்ற ஒரு வரி

சதவீதம் தேறினாலும் முதல் கேள்வி மிச்சமிருக்கிறது. ராணுவ மருத்துவ அதிகாரிகளுக்கான 2008 கையேட்டின்படி, ஃபீல்டு, கிளர்ச்சி எதிர்ப்புப் பணி, அதிஉயர மலைப்பகுதி போன்ற இடங்களில் இருந்தபோது டைப் 2 சுகர் தலைகாட்டினால் பணியால் மோசமானதாக ஏற்கலாம். இதைத் தலைகீழாகப் படித்து, “பீஸ் ஸ்டேஷனில் (போர்ச்சூழல் இல்லாத பணியிடத்தில்) வந்தது, பணிக்குத் தொடர்பில்லை” என்று ஒரே வரியில் முடித்த அறிக்கைகள் ஏராளம்.

டைப் 2 சுகர் ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் உடம்பில் இருக்கும். அது “வந்த” தேதி என்று பதிவாவது உண்மையில் ரத்தம் எடுத்துப் பார்த்த தேதி. மலைமுகட்டுப் போஸ்ட்டில் இரண்டு ஆண்டு கிடந்தவர் கீழே இறங்கி, ஆஸ்பத்திரி உள்ள ஊருக்கு மாற்றலாகி வந்த பிறகுதான் பரிசோதனை நடக்கும். சுகர் பீஸ் ஸ்டேஷனில் தெரியவந்ததில் என்ன அதிசயம்?

நீதிமன்றங்களின் நிலை ஏறக்குறைய இதுதான். தரம்வீர் சிங் வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: ஆள் சேர்க்கும்போது முழுப் பரிசோதனை செய்து, நோய் எதுவும் குறிக்காமல் எடுத்துக்கொண்டீர்கள், பிறகு வந்த நோய்க்குப் பணி காரணமில்லை என்றால் அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது, சிப்பாயுடையது அல்ல. பீஸ் ஸ்டேஷன் என்ற காரணம் மட்டும் போதாது, போர்டு தன் முடிவுக்குக் காரணம் எழுத வேண்டும் என்று டைப் 2 சுகர் வழக்கிலேயே டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது. ஆனால் பணியால் வந்த நோய்தான் என்ற இந்த அனுமானம் எல்லாக் கதவையும் திறக்காது. மனச்சிதைவு நோயால் வெளியே வந்த நர்சிங் யாதவின் வழக்கை 2019-ல் அதே உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

2023 செப்டம்பர் 21 முதல் ஓய்வுபெறுவோருக்குப் புதிய விதிகள் வந்துவிட்டன. தகுதியுள்ளவரைக் காப்பதும் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுப்பதும் நோக்கம் என்கிறது அரசு. வாழ்க்கைமுறை நோய்கள் என்ற பெயரில் சுகரும் ரத்த அழுத்தமும் குறிவைக்கப்பட்டிருக்கின்றன என்கிறார்கள் முன்னாள் வீரர்கள். சாப்பிடும் நேரத்தையும் தூங்கும் நேரத்தையும் முப்பது ஆண்டுகள் பட்டாளமே தீர்மானித்த ஒருவரின் வாழ்க்கைமுறை யாருடையது என்ற கேள்விக்கு விதிகளில் பதில் இல்லை.

ஒரு கால் இல்லாதவருக்கு “நடங்கள்” என்றால்?

பென்ஷன் கணக்கை வழக்கறிஞர் பார்க்கலாம். காலை நீங்கள்தான் பார்க்க வேண்டும். செயற்கைக் கால் போட்டவருக்குச் சுகரின் பெரிய ஆபத்து மிச்சமுள்ள கால். பாரம் முழுவதும் அதில் இறங்குகிறது. நரம்பு மரத்தால் கொப்புளம் தெரியாது. தினமும் இரவு கண்ணாடி வைத்து உள்ளங்காலையும், வெட்டுப்பட்ட காலின் முனையையும் பாருங்கள். தோல் சிவந்திருந்தால் செயற்கைக் காலைக் கழற்றிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். “நாளை சரியாகும்” என்பது பட்டாளத்துப் பழக்கம், இங்கே உதவாது. எடை குறைந்தாலும் கூடினாலும் செயற்கைக் காலின் சாக்கெட் பொருந்தாமல் போகும். அதை மாற்றித் தரக் கேளுங்கள். புனேயில் 1944 முதல் இயங்கும் செயற்கை அவயவ மையம் இருப்பதே இதற்காகத்தான். உடற்பயிற்சி என்றால் நடைதான் என்றில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி கைகளால் எடை தூக்குவதும், ரப்பர் பட்டை இழுப்பதும் சர்க்கரையை இறக்கும். முதுகுத்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் படுக்கைப் புண்ணை இரு மடங்கு கவனமாகப் பார்க்க வேண்டும்.

மற்ற கேள்விகள், சுருக்கமாக

சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் சதவீதம் குறையுமா? நிரந்தர ஊனம் என்று முடிவான மதிப்பீட்டை, நீங்களாகக் கேட்டால் ஒழிய மறுஆய்வு செய்வதில்லை என்பது 2001 பிப்ரவரி உத்தரவு; தைரியமாகக் கட்டுக்குள் வையுங்கள்.

சுகரும் கால் ஊனமும் இரண்டும் ஏற்கப்பட்டால்? இரண்டையும் சேர்த்து மதிப்பிட்ட மொத்தம் 50-ஐத் தொட்டால் 75-க்கான தொகை.

போர்டு மறுத்துவிட்டது, எங்கே போவது? முதலில் துறைக்குள் மேல்முறையீடு, பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளை. இறுதி உத்தரவிலிருந்து ஆறு மாதம் கெடு.

பல ஆண்டு தாமதமாகிவிட்டதே? பென்ஷன் மாதாமாதம் தொடரும் உரிமை என்பதால் வழக்குப் போடலாம். ஆனால் தர்செம் சிங் தீர்ப்பின்படி (2008) நிலுவை பொதுவாக மூன்று ஆண்டுக்குத்தான்.

இசிஎச்எஸ் சேர சந்தா கட்ட வேண்டுமா? போரில் ஊனமுற்றவர்களுக்கு வேண்டாம்.

முதல் முறை இசிஎச்எஸ் பாலிகிளினிக் போகும்போது என்ன கேட்பது? கண் விழித்திரைப் பரிசோதனை, சிறுநீரில் புரதம், பாதத்தில் உணர்வுச் சோதனை.

கேன்டீன் ரம்? இன்சுலின் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

எந்தக் காகிதத்தைத் தொலைக்கவே கூடாது? போர்டு அறிக்கையின் நகல். அதில் சதவீதமும், “பணிக்குத் தொடர்பில்லை” என்றால் அதற்கு எழுதிய காரணமும் இருக்கும். காரணம் எழுதாமல் விட்டிருந்தால் உங்கள் வழக்கு அங்கேதான் தொடங்குகிறது.