வளையலின் உள்பக்கம் பாருங்கள்

ஒரகடம் அருகே உள்ள வடக்குப்பட்டில் 2022-ல் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியபோது, கண்ணாடி மணிகளோடு தங்க அணியும் கிடைத்தது. பழங்காலத்தில் பொன்னின் மாற்றை உரைகல்லில் உரைத்துப் பார்த்தார்கள்.

இன்று அந்தச் சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள் போனஸ் பணத்தில் நகை வாங்கும்போது, வளையலின் உள்பக்கத்தைப் பார்த்தால் போதும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) முத்திரை, ‘22கே916’ என்ற குறி, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்யுஐடி என்ற தனி அடையாள எண் ஆகியவை பொடியாகப் பொறிக்கப்பட்டிருக்கும். 916 என்றால் ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம். மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும்.

2023 ஏப்ரல் 1 முதல் ஹெச்யுஐடி இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. இரண்டு கிராமுக்குக் குறைந்தவற்றுக்கு விலக்கு உண்டு. அதனால் மூக்குத்தி வாங்குபவர்கள் கூடுதலாக விசாரிப்பது நல்லது.

கடையிலேயே ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் ஹெச்யுஐடி எண்ணைத் தட்டிப் பாருங்கள். பில்லை வாங்காமல் விடாதீர்கள். ஹால்மார்க் நகையில் மாற்றுக் குறைவு நிரூபணமானால், அந்தக் குறைவுக்கான தொகையைப் போல இரு மடங்கையும் சோதனைக் கட்டணத்தையும் கடைக்காரர் தர வேண்டும்.