விடியற்காலையில் மடங்காத விரல்கள்

மீரியபெத்த என்றதும் எல்லோருக்கும் நினைவில் வருவது 2014 ஒக்டோபர் 29ஆம் திகதிக் காலைதான். கொஸ்லந்தைக்கு மேலே இருந்த லயங்களை மண்சரிவு மூடிய நாள் அது. அதைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். ஒவ்வொரு ஒக்டோபரிலும் மறுபடி எழுதுகிறார்கள். நான் எழுத வந்தது அந்த மலைச்சரிவுகளில் இன்றைக்கும் கொழுந்து பறிக்கிற பெண்களின் கைகளைப் பற்றி.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு 18 கிலோ கொழுந்து என்பது பல தோட்டங்களில் பேசப்படும் அளவு. இரண்டு இலையும் ஒரு மொட்டுமான ஒரு கொழுந்து ஒரு கிராம் என்று வைத்துக்கொண்டாலும் 18,000 கொழுந்துகள் ஆகின்றன. ஒரே கிள்ளலில் மூன்று நான்கு சேர்ந்து வந்தாலும், பெருவிரலும் சுட்டுவிரலும் ஆயிரக்கணக்கான தடவை ஒன்றோடொன்று அழுந்த வேண்டும். இதெல்லாம் நடப்பது பனியில் நனைந்த செடியில், ஈரக் கையோடு. நிறுவையில் அளவு குறைந்தால் அரைப்பேர்தான். ஆகவே கை வலிக்கிறது என்று பெரட்டுக்களத்தில் யாரும் வாய் திறப்பதில்லை.

எங்கள் கடைக்குச் சாமான் வாங்க வருகிற ஓர் அக்கா அப்படி வாய் திறக்காதவர்களில் ஒருவர். குவைத்தில் வீட்டு வேலை செய்யும் மகள் அவருக்கு ஒரு ஜோடி கையுறை அனுப்பியிருந்தாள். சாம்பல் நிறம், விரல் நுனிகள் திறந்தவை, இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்குபவை. "பாப்பா, நீங்க டாக்டருக்குப் படிக்கிற புள்ளைதானே, ராத்திரி இதப் போட்டுக்கிட்டுப் படுத்தா கை சரியாப் போயிருமா?" என்று கேட்டார். நான் படிப்பது உயர்தர உயிரியல் பிரிவில். டாக்டராவதற்கு இன்னும் எத்தனையோ மலை ஏற வேண்டும். ஆனாலும் கேள்வி நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடியதில் கிடைத்ததைத்தான் இங்கே தருகிறேன்.

முதலில், காலையில் விரல்கள் ஏன் விறைத்துப் போகின்றன? பகலில் கையை அசைக்கும்போது தசைகள் சுருங்கி விரிந்து, இழையங்களில் தேங்கும் நீரை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். இரவில் கை அசையாமல் கிடக்கும். மூட்டில் அழற்சி இருந்தால் அதன் உட்பக்கச் சவ்வு தடித்து, நீர் அங்கேயே தேங்கிவிடும். இதோடு இன்னொன்றும் சேர்கிறது. அழற்சியைத் தூண்டும் சில புரதங்கள் விடியற்காலையில்தான் இரத்தத்தில் அதிகமாகின்றன. அதை அடக்க வேண்டிய கோட்டிசோல் ஓமோனோ நள்ளிரவை ஒட்டி மிகக் குறைந்து, விடியும் நேரத்தில்தான் மெல்ல ஏறுகிறது. அதனால்தான் ராத்திரி நன்றாக மடங்கிய விரல் காலையில் தேங்காய்ச் சிரட்டையைப் பிடிக்க மறுக்கிறது.

அழுத்தக் கையுறையின் யோசனை இதிலிருந்து பிறந்தது. நைலோனும் இழுபடும் நூலும் கலந்து நெய்த துணி கை முழுவதையும் இலேசாக அமுக்கிப் பிடித்தால், நீர் தேங்க இடம் குறையும். கை சூடாகவும் இருக்கும். எர்லிக், டிபியெரோ என்ற இருவர் இரவில் இழுவைக் கையுறை அணிந்தால் காலை விறைப்புக் குறைகிறது என்று 1971இலேயே ஓர் அமெரிக்க மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார்கள். அதன் பிறகு பல நாடுகளில் வைத்தியசாலைகளே இதைக் கொடுக்கத் தொடங்கின. இன்று நுனி திறந்த கையுறைகள் எந்த நாட்டுக் கடையிலும் கிடைக்கின்றன.

அது உண்மையிலேயே அமுக்குவதால்தான் வேலை செய்கிறதா என்று பிரித்தானியாவில் முறையாகச் சோதித்தார்கள். முடிவு 2021இல் வெளிவந்தது. மூட்டழற்சியால் கைவலி உள்ள 206 பேர் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பகுதியினருக்குச் சரியான அளவில் அமுக்கும் கையுறை. மற்றவர்களுக்கு வேண்டுமென்றே பெரிய அளவில், அமுக்காத தளர்ந்த கையுறை. 12 வாரம் கழித்துப் பார்த்தபோது இரண்டு பகுதியினருக்கும் வலியும் விறைப்பும் கொஞ்சம் குறைந்திருந்தன. குறைந்த அளவும் ஏறக்குறைய ஒன்றுதான். அமுக்கியதற்கும் அமுக்காததற்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை.

இதைப் படித்ததும் கையுறை வெறும் ஏமாற்று என்று சிலர் சொல்லிவிடுவார்கள். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. கையைச் சூடாக வைத்திருப்பது ஆறுதல் தருகிறது, அதற்கு விலை கூடிய கையுறை தேவையில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. மார்கழி, தை மாதங்களில் இங்கே இரவில் காம்பராவுக்குள் எவ்வளவு குளிர் என்பது இருந்தவர்களுக்குத் தெரியும். நடைபாதைக் கடையில் கிடைக்கும் சாதாரணக் கம்பளிக் கையுறை, நுனி வெட்டிய சுத்தமான தடித்த காலுறை, இவையே போதும். ஒரு நாட் சம்பளத்தைக் கொடுத்து 'மூட்டுவலி போக்கும்' என்று அச்சடித்த பெட்டியை வாங்க வேண்டாம். செம்பு நூல் கலந்தது, காந்தம் வைத்தது என்று விற்பவற்றுக்கு இன்னும் கூடுதலாகக் கொடுப்பது அநியாயம்.

மகள் அன்போடு அனுப்பியது கையில் இருக்கும்போது அதை அணியக்கூடாது என்று யார் சொல்வார்? அணியலாம். மோதிரத்தைக் கழற்றிவிட்டு அணிய வேண்டும். அணிந்த பிறகு விரல் நுனி வெளுத்தாலும், நீலம் பாரித்தாலும், எறும்பு ஊர்வது போல இருந்தாலும் அது இறுக்கம். உடனே கழற்ற வேண்டும். முதலில் பகலில் ஒரு மணித்தியாலம் போட்டுப் பார்த்து, பிறகு இரவுக்குப் பழக்குவது நல்லது. கொழுந்துக் கறையால் விரல் வெடித்திருந்தால் அது ஆறும் வரை பொறுக்க வேண்டும். ஈரத்தோடு போட்டால் தேமல் வரும், ஆகவே கையை நன்றாகத் துடைத்துவிட்டுப் போடுங்கள். தினமும் துவைத்து நிழலில் காயவிடுங்கள். அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் அதன் இழுவை போய்விடும். குளிரில் விரல்கள் வெள்ளையாகிப் பிறகு நீலமாகி மாறுகிறவர்களும், நீரிழிவினால் கை மரத்துப் போனவர்களும் வைத்தியரைக் கேட்காமல் இறுக்கக் கையுறை அணியவே கூடாது. இறுகுவதே அவர்களுக்குத் தெரியாமல் போகலாம். நம் வீடுகளில் சுபஹுக்கு எழும்பும்போது வுழூவுக்காக எப்படியும் கழற்றத்தான் வேண்டும். வுழூவுக்கு இளஞ்சூட்டுத் தண்ணீர் வைத்துக்கொண்டு, அதிலேயே விரல்களைப் பத்துத் தடவை மெதுவாக மடக்கி விரித்தால் அது நல்ல பயிற்சியாகவும் ஆகிவிடும்.

எல்லாக் கைவலியும் ஒன்றல்ல. எங்கள் உம்மா தையல் மெஷினில் இருப்பவர். அவருக்கு இரவு இரண்டு மணிக்குப் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் மரத்து எழுப்பிவிடும். எழும்பிக் கையை உதறினால் சரியாகும். சின்ன விரலில் ஒன்றும் இருக்காது. இது மணிக்கட்டுக்குள் ஒரு நரம்பு நெருக்கப்படுவதால் வருவது. கர்ப்பிணிகளுக்கும், நீரிழிவு, தைரொயிட் நோய் உள்ளவர்களுக்கும் அடிக்கடி வரும். இதற்கு அமுக்கும் கையுறை உதவாது. நெருக்கத்தைக் கூட்டவும் கூடும். மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டியை இரவில் கட்டிக்கொள்வதுதான் முறை. உம்மாவுக்கு வைத்தியசாலையில் அதைத்தான் கொடுத்தார்கள்.

வயது போகப் போக மூட்டுக் கசியிழையம் தேய்ந்து வரும் வலியில், விரல் நுனி மூட்டுகளிலும் பெருவிரலின் அடியிலும் கடினமான முண்டுகள் தெரியும். காலை விறைப்பு இருந்தாலும் அரை மணித்தியாலத்துக்குள் விட்டுவிடும். சிக்குன்குன்யா காய்ச்சலுக்குப் பிறகும் மூட்டுவலி மாதக்கணக்கில் நிற்கும். 2006இல் நம் நாட்டில் அது பரவியபோது நடக்க முடியாமல் கிடந்தவர்களைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

பயப்பட வேண்டியது வேறொன்று. நம்முடைய நிர்ப்பீடனத் தொகுதியே மூட்டுச் சவ்வைத் தாக்கும் முடக்குவாதம். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி வரும். விரலடி மூட்டுகளும் நடு மூட்டுகளும் பஞ்சு போல வீங்கும். காலை விறைப்பு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நீடிக்கும். அந்த அக்காவிடம் நான் கேட்டது ஒரே கேள்விதான்: எழும்பி எவ்வளவு நேரத்துக்குப் பிறகு உங்களால் துணி பிழிய முடிகிறது? "பெரட்டுக்குப் போய், மலை ஏறி, பாதிக் கூடை பறிச்ச பொறகுதான்" என்றார். இரண்டு மணித்தியாலத்துக்குக் குறையாது. கையுறை போட்ட நாட்களில் வலி கொஞ்சம் தேவலாம் என்றும் சொன்னார். அந்தச் சொல்தான் என்னைக் கலவரப்படுத்தியது. கையுறை வலியைத் தணிக்கலாம்; உள்ளே எலும்பு அரிக்கப்படுவதை அது நிறுத்தாது. கொஞ்சம் தேவலாம் என்று ஒரு வருடம் கடந்தால், வளைந்த விரலை எந்த மருந்தாலும் நிமிர்த்த முடியாது. முதல் சில மாதங்களிலேயே மருந்து தொடங்கியவர்களில் பலர் சாதாரணமாக வேலை செய்கிறார்கள்.

அவர் ஒரு நாட் பேரை இழந்து பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குப் போனார். இரத்தப் பரிசோதனை செய்தார்கள், இரண்டு கைகளையும் எக்ஸ்ரே எடுத்தார்கள். இப்போது மெதொட்ரெக்ஸேட் மாத்திரை எடுக்கிறார். இந்த மாத்திரையைப் பற்றி வீட்டார் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது, அது முடக்குவாதத்துக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் எடுப்பது. தவறித் தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பமாக இருப்பவர்கள், கர்ப்பமாக எண்ணியிருப்பவர்கள் எடுக்கக்கூடாது. இடையிடையே இரத்தம் சோதிக்கக் கூப்பிடுவார்கள். வலி குறைந்துவிட்டதென்று போகாமல் இருக்கக்கூடாது. அக்கா வெள்ளிக்கிழமையை மாத்திரை நாளாக வைத்து, கலண்டரில் வட்டம் போட்டிருக்கிறார். குளிர் இரவுகளில் மகளின் கையுறையையும் போடுகிறார். அதை விடச் சொல்லி வைத்தியரும் சொல்லவில்லை.

பெற்றோர்களுக்கும் தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். கிளினிக்கில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். நம் தாய்மாரில் பலர் "கை வலிக்குது" என்ற ஒரே சொல்லோடு திரும்பி வருகிறார்கள். வைத்தியர் சிங்களத்தில் கேட்டால் அதுவும் இல்லை. போவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்: எத்தனை மணிக்கு எழும்பினார், எத்தனை மணிக்கு விரல் முழுதாக மடங்கியது, எந்த மூட்டு வீங்கியது, ஒரு கையா இரு கையா, மரத்துப் போவது எந்த விரல்கள். முடிந்தால் சிங்களம் தெரிந்த பிள்ளை ஒன்று கூடப் போகட்டும். பழைய மருந்துச் சீட்டுகளையும், வீட்டில் சாப்பிடும் மாத்திரைகளையும், கையுறை இருந்தால் அதையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.