மருந்து வாங்குமுன் நோயை அறிதல்

வலப்பனைப் பகுதியில் மலைச்சரிவின் மேற்புறத்தில் தேயிலையும், அதன் கீழே படிக்கட்டு வயல்களில் நெல்லும் விளைகின்றன. நெல் அறுவடையானபின் அவ்வயல்களிலேயே தக்காளி, போஞ்சி, உருளைக்கிழங்கு முதலிய மரக்கறிப் பயிர்கள் செய்யப்படுவதும் உண்டு. நேற்று மாலைவரை செழித்து நின்ற தக்காளிச் செடி, இன்று நண்பகலில் இலையின் பசுமை மாறாமலே தலைசாய்ந்து நிற்பதைக் காணாத கமக்காரர் சிலரே. கண்டவுடன் கடைக்குச் சென்று, அயலவர் தெளித்த மருந்தையே தாமும் வாங்கித் தெளிப்பது பலரின் வழக்கம். பணம் செலவாகிறது, செடி பிழைப்பதில்லை. மருந்து பழுதானது என்று குறை கூறுவர். உண்மையில் அம்மருந்து கொல்லவல்ல உயிர் ஒன்று; செடியினுள் இருந்தது வேறொன்று.

பயிர்நோயை உண்டாக்கும் நுண்ணுயிர்களுள் முக்கியமானவை பங்கசு, பற்றீரியா, வைரசு என மூவகைப்படும். இம்மூன்றிற்கும் பரிகாரம் ஒன்றன்று.

பங்கசு

ஈரப் பாணிற் படரும் பூஞ்சணம் பங்கசு இனத்தைச் சேர்ந்தது. நூல்போன்ற உடலும் தூள்போன்ற வித்திகளும் உடையது. வித்திகள் காற்றிற் பறந்து, ஈரமான இலையில் முளைத்து உட்புகும். இம்மலைநாட்டின் வரலாற்றையே மாற்றியது ஒரு பங்கசாகும். 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைக் கோப்பித் தோட்டங்களில் இலையின் அடிப்புறத்தே செம்மஞ்சள் நிறத் தூள் காணப்பட்டது. 1880இல் இலங்கைக்கு வந்த மார்சல் வார்ட் என்னும் தாவரவியலறிஞர், அத்தூள் காற்றினால் பரவும் வித்திகளே என்பதையும், அவை முளைத்து இலையின் நுண்டுளைகள் வழியாக உட்செல்வதையும் ஆராய்ந்து காட்டினார். ஆயினும் மலை முழுதும் ஒரே பயிர் நெருங்கி நின்றமையால் நோயைத் தடுக்க இயலவில்லை. கோப்பி அழிந்தது, அவ்விடத்தைத் தேயிலை பெற்றது. அத்தேயிலையையும் 1946இல் மற்றொரு பங்கசு கொப்புள நோயாக வந்து தாக்கியது.

நெல்லின் எரிபந்தமும் பங்கசு நோயே. உருளைக்கிழங்கின் பின்வெளிறலை உண்டாக்குவது பங்கசைப் போன்ற மற்றோர் உயிர். இவற்றிற்கு மருந்து உண்டு. ஆனால் நோய் முற்றுமுன் தெளித்தால்தான் பயன் தரும். செடிகளுக்கிடையே காற்றோட்டம் விடுதலும், நெல்லுக்கு யூரியாவை அளவுக்கு மிஞ்சி இடாமையும் மருந்தைப் போலவே பயனுடையன.

பற்றீரியா

ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் பங்காக்கினால், ஒரு பற்றீரியாவின் நீளம் அத்தகைய ஓரிரு பங்கே ஆகும். முதலிற் கூறிய தக்காளிச் செடியின் வாடல் பெரும்பாலும் இதனால் ஏற்படுவது. இதனைக் கமக்காரரே சோதித்து அறியலாம். வாடிய செடியின் தண்டை அடியில் வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் வெட்டுமுனை நீருட்படும்படி அசையாது பிடித்தல் வேண்டும். சில நிமிடங்களில் வெண்மையான புகைபோன்ற இழை கீழ்நோக்கி வடியுமாயின், அது பற்றீரியா வாடலே. அவ்விழை கோடிக்கணக்கான பற்றீரியாக்களின் கூட்டமாகும்.

பங்கசு மருந்து இதனை அணுகாது. செடியை வேர்மண்ணோடு அகற்றி எரித்தல் வேண்டும். அப்பாத்தியின் நீர் கீழ்வயலுக்குப் பாயாமல் தடுத்தலும், மண்வெட்டியைக் கழுவியபின் அடுத்த பாத்திக்குக் கொண்டுசெல்லலும் அவசியம். தக்காளி, உருளைக்கிழங்கு, கத்தரி, மிளகாய் நான்கும் ஒரே குடும்பப் பயிர்களாதலின், ஒன்றன்பின் ஒன்றாக அவற்றை நடுதல் நோய்க்கு உணவிடுவதாகும். இடையே நெல் விதைத்து நீர் கட்டினால் நோய் குறையும்.

எல்லாப் பற்றீரியாவும் பகையல்ல. போஞ்சியின் வேரிற் காணும் சிறு முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பயிருக்கு உரமாக்கித் தருகின்றன.

வைரசு

பற்றீரியாவிலும் பன்மடங்கு சிறியது வைரசு. 1892இல் உருசிய அறிஞர் இவனோவ்ஸ்கி, நோயுற்ற புகையிலையின் சாற்றைப் பற்றீரியா புகமுடியாத வடியிற் செலுத்தினார். வடிந்த சாறும் நோயை உண்டாக்கிற்று. வைரசு தனித்து வளராது; உயிருள்ள கலத்தினுட் புகுந்தே பெருகும். இலையில் மஞ்சளும் பச்சையுமான திட்டு, சுருளல், குறுகல் என்பன இதன் அறிகுறிகள். அழுக்கணவன், வெண் ஈ முதலிய பூச்சிகள் பல வைரசுகளைப் பரப்பும். நோயுற்ற செடியைக் குணமாக்கும் மருந்து இல்லை. அதனைத் தொடக்கத்திலேயே பிடுங்குதலும், அதன் கிழங்கை விதைக்கு வையாமையும், நோயற்ற விதைக்கிழங்கை நடுதலுமே வழியாகும்.

மருந்து பயனற்றுப் போவது ஏன்?

முதலிரு போகங்களிற் பயன் தந்த மருந்து பின்னர்ப் பயனற்றுப் போவதுமுண்டு. இதற்குக் காரணம் கூர்ப்பு. உயிர்கள் பெருகும்போது சில சிறிது வேறுபட்டுப் பிறக்கும். சூழலைத் தாங்குவன எஞ்சிப் பெருகும். கமக்காரர் நல்ல கதிரை விதைக்குத் தெரிவதுபோல இயற்கையும் தெரிகிறது. தோட்டத்தில் மரக்கறி பறிக்கும் குரங்கும் மனிதரும் இவ்வாறு பிரிந்த கிளைகளே. மனிதர் இன்றைய குரங்கிலிருந்து தோன்றியவரல்லர்; இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பொது மூதாதையிலிருந்து இரு கிளைகளும் பிரிந்தன.

நுண்ணுயிருக்கு அத்துணைக் காலம் வேண்டுவதில்லை. தக்க சூழலிற் சில பற்றீரியாக்கள் 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டாகும். 7 மணித்தியாலத்தில் 21 தலைமுறை கடந்து, ஒன்று 20 இலட்சத்திற்கு மேலாகும். மனிதர் 21 தலைமுறை கடக்க ஏறக்குறைய 500 ஆண்டு செல்லும். ஆகவே ஒரே மருந்தைத் தொடர்ந்து தெளித்தால், அதனைத் தாங்கும் நுண்ணுயிரே எஞ்சி வயலை நிரப்பும். பின்வெளிறலுக்கு 1970களின் பிற்பகுதியில் வந்த மெற்றலக்சில், 1980இலேயே அயர்லாந்திலும் நெதர்லாந்திலும் சில வயல்களிற் பயனற்றுப் போயிற்று.

ஆதலின் நோய் கண்டால் முதலிற் செடியை ஆராய்தல் வேண்டும். ஐயமிருப்பின் நோயுற்ற செடியொன்றை உறையிலிட்டு விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுதல் நன்று. பங்கசு எனின் ஏற்ற மருந்தை உரிய காலத்தில், வகை மாற்றித் தெளிக்கலாம். பற்றீரியா அல்லது வைரசு எனின் பங்கசு மருந்துக்குச் செலவிடும் பணத்தை நல்ல விதைக்குச் செலவிடுதலே இலாபமாகும்.