பற்கூழைக் காக்கும் சிகிச்சை: வெற்றி எதைப் பொறுத்தது?

திருவனந்தபுரம்: ஆழமான சொத்தை என்றாலே 'ரூட் கெனால்' என்ற எண்ணம் மாறி வருகிறது. இரத்த நாளங்களும் நரம்புகளும் அடங்கிய பற்கூழை முழுமையாக அகற்றாமல், உயிருடன் காக்கும் சிகிச்சை இன்று பலருக்குச் சாத்தியமாகியுள்ளது. திருவனந்தபுரத்தில் 1959-இல் தொடங்கப்பட்ட அரசு பல் மருத்துவக் கல்லூரி உட்பட, நாட்டின் பல் மருத்துவக் கல்லூரிகளில் இது பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாகும். பெரும்பாலும் ஓரிரு வருகைகளில் முடிவதால், தொலைவிலிருந்து வரும் நோயாளிகளுக்குச் செலவும் அலைச்சலும் குறையும். எனினும் எல்லாப் பற்களிலும் இது பலிப்பதில்லை.

காரணத்தை 1965-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்டு ஆகியோர் எலிகளின் பற்களைத் துளைத்துக் கூழை வெளிப்படுத்தினர். சாதாரண எலிகளில் கூழ் அழுகியது. கிருமியற்ற சூழலில் வளர்ந்த எலிகளிலோ, துளைக்குள் உணவுத் துணுக்குகள் அடைந்திருந்தபோதும் காயத்தின் மேல் புதிய கடினத் திசு உருவானது. அதாவது, பகை துளையன்று, பாக்டீரியாவே. சிகிச்சையின்போது உமிழ்நீர் படாதிருக்கப் பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு பொருத்துவது இதனால்தான்.

அடுத்து, கூழின் நிலை. குளிர்ந்த நீர் பட்டதும் கூசி உடனே அடங்கினால் நம்பிக்கைக்கு இடமுண்டு. தானாகவே தோன்றி இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, அழற்சி முற்றியதைக் குறிக்கலாம். ஆனால் அறிகுறிகளை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை என்று அமெரிக்க எண்டோடான்டிஸ்ட் சங்கத்தின் 2021 அறிக்கை கூறுகிறது. கூழை நேரில் பார்ப்பதே முக்கியம். பாதித்த பகுதியை நீக்கி, சோடியம் ஹைப்போகுளோரைட்டில் நனைத்த பஞ்சை அழுத்தும்போது சில நிமிடங்களில் இரத்தக் கசிவு நின்றால், எஞ்சிய கூழ் பிழைக்க வாய்ப்பு அதிகம். நிற்காவிடில் இன்னும் ஆழமாக நீக்க வேண்டும். அதற்கும் பயனில்லையெனில் ரூட் கெனாலே வழி.

வேர் முழுமையாக வளராத இளம் பற்களுக்கு இரத்த ஓட்டம் தாராளமாக இருப்பதால் வாய்ப்பு கூடுதல். விபத்தில் உடைந்த 60 முன்பற்களில் கூழின் ஒரு பகுதியை மட்டும் நீக்கிய சுவீடன் மருத்துவர் செவெக், 96 சதவீதம் குணமடைந்ததாக 1978-இல் பதிவு செய்தார். எனினும் வயது மட்டுமே பெரியவர்களுக்குத் தடையாகாது.

மருந்துப் பொருளும் மாறியுள்ளது. நெடுங்காலம் பயன்பட்ட கால்சியம் ஹைட்ராக்சைடு நாளடைவில் கரையும். அதன்கீழ் உருவாகும் கடினத் திசுவிலும் நுண்துளைகள் இருக்கும். 1990-களில் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் உருவான எம்.டி.ஏ. சிமெண்ட் இதைவிட நன்கு அடைக்கும். ஆனால் இறுக மணிக்கணக்கில் ஆகும், பல்லின் நிறத்தையும் மாற்றக்கூடும். புதிய கால்சியம் சிலிக்கேட் சிமெண்டுகளில் சில, சுமார் 12 நிமிடங்களில் இறுகிவிடுகின்றன.

நோயாளியின் பொறுப்பு இங்கேதான் தொடங்குகிறது. வலி நின்றதும் தற்காலிக அடைப்போடு நின்றுவிடுவோருக்கு, அடைப்பின் ஓரத்தில் கிருமிகள் மீண்டும் நுழைகின்றன. நிரந்தர அடைப்பைத் தாமதமின்றிச் செய்துகொள்வது அவசியம். கூழ் வலியின்றியும் மடியக்கூடும் என்பதால், ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் பரிசோதனையும் தேவைக்கேற்ப எக்ஸ்-ரேயும் பரிந்துரைக்கப்படுகின்றன.