ஊர்க்கணக்கும் வீட்டுக்கணக்கும்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முற்பட்ட அவை, குடவோலை முறையில் ஊர் வாரியத்திற்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் அத்தகுதியை இழந்தனர். பொதுப்பணத்தைக் கையாண்டவர் கணக்குக் காட்டியே தீரவேண்டும் என்பது அன்றைய நெறி.

அந்நெறி இன்றும் நிலைக்கிறது. காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் வரவு செலவு தணிக்கைக்கு உட்பட்டது. உறுப்பினர்கள் அதனை அறியலாம். ஆயின், ஒரு நெசவாளர் வங்கியில் பெற்ற கடனும், அவர் மகள் கல்வி உதவித்தொகைக்காகப் பள்ளியில் அளித்த வருமானச் சான்றும் அத்தகையன அல்ல. அவை பிறர் கைக்குச் சென்றால் குடும்பத்தின் மதிப்புக் குலையலாம். வங்கிப் பணம் மோசடிக்கு இரையாகலாம். மாணவி வகுப்பில் தலைகுனிய நேரலாம்.

சட்டம் தரும் காப்பு

வங்கியிடம் ஆவணத்தை ஒப்படைத்ததனாலேயே அதன்மீதுள்ள அந்தரங்க உரிமை வாடிக்கையாளரை விட்டு நீங்குவதில்லை என்று, கனரா வங்கி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004 இல் தெளிவுபடுத்தியது. ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023 இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. இது படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. தகவலைப் பெறுவோர் அதன் நோக்கத்தைக் கூறி இசைவு பெறவேண்டும் என்பதும், 18 வயது நிறையாதவர்க்குப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்பதும் இதன் விதிகள். அமெரிக்காவில் 1974 இல் இயற்றப்பட்ட சட்டமும் மாணவர் பதிவேடுகளை இவ்வாறே காக்கிறது.

இசைவின்றி வெளியிடும் சூழல்கள்

இவ்வுரிமை எல்லையற்றது அன்று. நீதிமன்றம் ஆணையிடும்போதும், சட்டம் கட்டாயப்படுத்தும்போதும், உயிருக்கு ஆபத்து நேரும்போதும், பேரிடரின்போதும் இசைவின்றித் தகவலைப் பயன்படுத்தலாம். எனினும், அரசு ஒருவரது அந்தரங்கத்தில் தலையிடுவதற்கு மூன்று அளவுகோல்களைப் புட்டசாமி தீர்ப்பு முன்வைத்தது: அதற்கு ஒரு சட்டம் இருக்கவேண்டும், நோக்கம் நேர்மையாக இருக்கவேண்டும், தலையீடு தேவையை மிஞ்சக்கூடாது. வகுப்பில் மயங்கி விழுந்த மாணவியின் குருதிவகையை மருத்துவருக்குத் தெரிவிப்பது பள்ளியின் கடமை. அவருடைய தந்தையின் வருமானத்தைத் தெரிவிப்பது மீறல். கதவு திறக்கப்பட்டாலும், தேவையான பொருள் மட்டுமே வெளியே செல்லவேண்டும்.

உரியவருக்கு மறைவில்லை

பிறரிடமிருந்து காக்கப்படும் பதிவேடு உரியவரிடமிருந்தே மறைக்கப்படுவதன்று. மதிப்பிடப்பட்ட தம் விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்த் தேர்வர் பார்க்கலாம் என உச்ச நீதிமன்றம் 2011 இல் தீர்ப்பளித்தது. ஆகவே, ஒரு படிவத்தில் கையொப்பமிடும் முன், இத்தகவல் எதற்கு, யாரிடம் செல்லும், எவ்வளவு காலம் இருக்கும் என வினவுவது அடக்கமின்மை ஆகாது; அது குடிமக்களின் உரிமை.

ஊர்க்கணக்கை மறைப்பது குற்றம்; வீட்டுக்கணக்கைப் பரப்புவதும் குற்றமே. இரண்டையும் பிரித்தறிவதே நல்லாட்சியின் அடையாளம்.