எஞ்சின் வேலைக்குப் பிறகு ஒயில் லைட் எரிந்தால்

லொறி, வேன் வைத்துத் தொழில் செய்யும் நம்மவர்கள் பலர், எஞ்சினுக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு ஒயில் லைட் எரிந்தால், "புது வேலைதானே, ஓட ஓடச் சரிவரும்" என்று விட்டுவிடுகிறார்கள். சரிவராது. பிரஷர் ஐந்தாறு பி.எஸ்.ஐ.க்கு விழுந்த பிறகே பொதுவாக அந்த லைட் எரியும். எரியும்போதே நேரம் பிந்திவிட்டது.

என் லொறி கிராங்க் அரைத்துப் பெயரிங் மாற்றி வந்த மூன்றாம் நாள், சாவகச்சேரியில் நின்ற இடத்திலேயே லைட் எரிந்தது. பின்னால் தம்புள்ளைக்குப் போகும் வெங்காயம். வேலை செய்த கராஜில் கேட்டேன். "தடித்த ஒயில் ஊற்றுங்கள் நானா" என்றார்கள். ஊற்றியிருந்தால் லைட் அணைந்திருக்கும், நோய் உள்ளேயே இருந்திருக்கும். வெங்காயத்தை வாடகை லொறிக்கு மாற்றிவிட்டு, யாழ்ப்பாணத்தில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணரிடம் கட்டி இழுத்துப் போனேன்.

அவர் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர். 1990 அக்டோபரில் எங்களை வெளியேற்றிவிட்டதால் அதை நான் அதிகம் பார்க்கவில்லை. 2002இல் ஏ9 பாதை திறந்து நான் திரும்பி வந்தபோது அவர் சொல்லித்தான் தெரியும். துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்களாம். முழுதாக எரியாத மண்ணெண்ணெய் ரிங் வழியாகச் சம்புக்குள் இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கும், பிரஷர் விழும். ஒயில் குறையாமல் கூடினால் சந்தேகப்படு என்பார். இன்றும் அவர் முதலில் செய்வது டிப்ஸ்டிக்கை இழுத்து மணப்பதுதான். டீசல் பம்ப் கசிந்தாலும் இதே கதைதான்.

என் லொறியில் மணம் இல்லை. லைட்டை நம்பாமல் தனியாக ஒரு கேஜ் பூட்டினார். ஆயிரம் சுற்றுக்குப் பத்து பி.எஸ்.ஐ. என்பது பழைய கணக்கு. சூடான எஞ்சின் மெதுவாக ஓடும்போது மட்டும் விழுந்தால் பெயரிங் இடைவெளியைப் பார்க்கவேண்டும். வேகம் கூட்டும்போது விழுந்தால் சம்பிலுள்ள வலை அடைத்திருக்கலாம். பாக்கிங்குக்குப் பூசும் சிலிக்கன் உதிர்ந்து அங்கேதான் போய் ஒட்டும். என்னுடையது எல்லா வேகத்திலும் குறைவு. ரிலீவ் வால்வைக் கழற்றினார். கிராங்க் அரைத்த துகள் ஒன்று அதைத் திறந்தபடியே பிடித்து வைத்திருந்தது. ஒயில் துவாரங்களைக் கழுவாமல் பூட்டிய வேலை.

பம்ப் ஒயிலைத் தள்ளத்தான் செய்யும். பிரஷர் நிற்பது இடைவெளி சரியாக இருப்பதால். எஞ்சினை மூடுமுன் பெயரிங் இடைவெளியை அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். தண்டின் ஒரு அங்குல விட்டத்துக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஏறக்குறைய அவ்வளவுதான். அளக்கத் தெரியாது என்றால் அந்தக் கராஜில் வேலை கொடுக்காதீர்கள்.

துகளைக் கடதாசியில் சுற்றி அந்தக் கராஜில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கழற்றிப் பூட்டிய கூலியில் பாதியைத் தந்தார்கள். வெங்காயத்துக்கான லொறி வாடகை என் தலையில்தான்.