முறிந்த கைக்குப் பயிற்சி: நேரிலா, திரையிலா?

மணிக்கட்டு எலும்பு முறிந்தால் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு கிழமைக்குப் பிளாஸ்ரர் போடுவார்கள். கழற்றியதும் கை இறுகிக் கிடக்கும். பயிற்சி செய்தால்தான் மடங்கும். பிரித்தானியாவில் பல மருத்துவமனைகள் இப்பயிற்சிகளை இப்போது காணொளியாகவும் தருகின்றன. வேலைக்கு லீவு போட்டு பஸ்ஸில் அலைவது மிச்சம். விரல்களை மடக்கி நீட்டவும் உள்ளங்கையை மேலும் கீழும் திருப்பவும் அது போதும்.

ஆனால் மூட்டு எங்கே பிடிக்கிறது என்பது தொட்டுப் பார்ப்பவருக்குத்தான் தெரியும். விரல் விறைப்பு, தாங்கமுடியாத எரிவு, தோல் நிறம் மாறுதல், பெருவிரல் திடீரென நிமிராமற் போதல் என்றால் தாமதியாமல் நேரிற் காட்டுங்கள். விளங்காமல் "ஓம், ஓம்" என்று தலையாட்டிவிட்டு வராதீர்கள். தேசிய சுகாதார சேவையில் மொழிபெயர்ப்பாளருக்குக் கட்டணமில்லை. நாள் குறிக்கும்போதே தமிழ் வேண்டுமென்று சொல்லுங்கள். அதற்காகப் பிள்ளையின் பள்ளிக்கூடத்தை மறிக்கத் தேவையில்லை.